ஆற்று ட்ரவுட்டுக்கு வண்டு ஃப்ளை தேர்ந்தெடுப்பது எப்படி: குவாசூலு-நட்டால் ஆறுகளுக்கான முழு வழிகாட்டி

நவம்பரிலிருந்து மார்ச் வரை தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலை அடிவாரத்து ஆறுகளில் ட்ரவுட் மீன் தேடிப் போகிறவர், பூச்சியைப் போல முள்ளில் கட்டிய ஃப்ளைகளைப் பெட்டி நிறையச் சுமக்கத் தேவையில்லை. நல்ல வண்டு ஃப்ளை ஒரு டஜன் இருந்தால் கோடையின் பெரும்பாலான நாட்களைச் சமாளித்துவிடலாம். எந்த டஜன் என்பதுதான் கேள்வி. கடையில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் வண்டுகளை நாம் மேலிருந்து பார்க்கிறோம். முதுகின் பளபளப்பு, கால்களின் அழகு, வண்ணப் பொட்டு எல்லாம் நம் கண்ணை இழுக்கின்றன. ட்ரவுட் அதே வண்டைக் கீழிருந்து பார்க்கிறது. அதற்குத் தெரிவது வயிறு, கால், வெளிக்கோடு. தண்ணீரில் எப்படி உட்காருகிறது என்பதை வைத்து ஃப்ளையைத் தேர்ந்தெடுக்கப் பழகிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து நம் ஆட்களில் பலர் கடல் தூண்டிலில் வளர்ந்தவர்கள். சார்டின் துண்டைக் கோர்த்து ஷாட் மீன் பிடிக்கத் தெரிந்தவருக்கு அலையைப் படிக்கவும் தெரியும், பொறுமையும் இருக்கும். என்3 சாலையில் மலைப் பக்கம் ஏறி மூயி, புஷ்மன்ஸ், உம்கேனி ஆறுகளுக்கு முதல் தடவை போகும் அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ப்ரவுன் ட்ரவுட் இந்த நாட்டு மீன் அல்ல. ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்த முட்டைகளைப் பொரிக்க வைத்து, 1890இல் இதே மூன்று ஆறுகளில்தான் குஞ்சுகளை விட்டார்கள். அவற்றின் வம்சம் இன்னும் இங்கே தானாகவே பெருகி வாழ்கிறது.

முதலில் கரையைப் பாருங்கள்

ஃப்ளைப் பெட்டியைத் திறப்பதற்கு முன் கரையில் கொஞ்ச நேரம் செலவிடுங்கள். நாம் பேசும் வண்டுகள் ஆற்றில் பிறப்பதில்லை, கரையிலிருந்து விழுகின்றன. ஆகவே கரை எப்படியோ அப்படித்தான் மீனின் சாப்பாடும்.

புல் உயரமாக வளர்ந்து தண்ணீர் மேல் சாய்ந்திருந்தால் சின்ன இலைவண்டுகளும் பொறிவண்டுகளும் அதிகம். வாட்டில் மரமோ வில்லோவோ கிளை நீட்டி நின்றால் அதன் நிழலில் ஒரு மீன் காத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மலை ஓடைகளின் ஓரத்தில் ஊஹவுட் புதர் அடர்ந்து கிடக்கும். அதன் அடியையும் விடாதீர்கள். மாடு மேயும் பண்ணை வழியாக ஆறு போனால் சாணவண்டு இருக்கும். முதல் மழைக்குப் பிறகு அவை சுறுசுறுப்பாகப் பறக்கத் தொடங்கும். வண்டுக்குச் சரியாகப் பறக்க வராது. கனமான ஓட்டைத் தூக்கிக்கொண்டு தடுமாறிப் பறந்து, ஒரு காற்று அடித்தால் ஆற்றில் விழுந்துவிடும். விழுந்தால் அநேகமாக எழுந்து போக முடியாது.

ஒரு வெள்ளைத் துணியையோ தொப்பியையோ கீழே பிடித்துக்கொண்டு கைத்தடியால் புல்லை நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். கையை நேராகப் புல்லுக்குள் விடவே வேண்டாம். இந்த மலைப் பக்கத்தில் பஃப் ஆடர் பாம்பு அசையாமல் கிடக்கும். துணியில் விழுவதைப் பார்த்ததும் ஒன்று புரியும்: பெரும்பாலான வண்டுகள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. கடையில் விற்கும் வண்டு ஃப்ளைகளில் பாதி, உண்மையான வண்டைவிடப் பெரியவை.

உலகில் இதுவரை பெயரிட்டு விவரித்த வண்டினங்கள் மட்டும் சுமார் 4 லட்சம். அவற்றில் எந்த இனம் இது என்று தேடிக்கொண்டிருக்க அவசியமில்லை. நீளம் எவ்வளவு, உருண்டையா நீளவாக்கா, கறுப்பா பழுப்பா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தால் போதும்.

மீனின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தேர்வு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

தண்ணீருக்குள் இருக்கும் மீன் மேலே பார்க்கும்போது ஒளி வளைவதால், வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். அந்த வட்டத்தின் கோணம் ஏறக்குறைய 97 டிகிரி. மீன் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, வட்டத்தின் விட்டம் அதைப்போல இரண்டேகால் மடங்கு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் ட்ரவுட்டுக்கு மேலே தெரியும் வட்டம் 70 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு முழுக்கக் கண்ணாடிதான். ஆற்றின் அடித்தரை அதில் பிரதிபலிக்கும்.

இப்போது ஒரு வண்டு மிதந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டத்துக்குள் நுழையும் வரை அதன் முதுகு மீனுக்குத் தெரியாது. நீர்ப்படலத்தைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கும் வயிறும் கால்களும்தான் தெரியும். உண்மையான வண்டு தாழ்ந்து மிதக்கும், பாதி உடம்பு நீருக்குள் இருக்கும். அதனால் தூரத்திலிருந்தே மீன் அதைக் கவனித்துவிடுகிறது. உயரமாக மிதக்கும் ஃப்ளையோ, வட்டத்துக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். அதற்குள் நீரோட்டம் அதைக் கடத்திக்கொண்டு போயிருக்கும்.

வட்டத்துக்குள் வந்த பிறகும் பின்னணி வெளிச்சமான வானம். அந்த வெளிச்சத்துக்கு எதிரே எந்த நிறமும் இருண்டுதான் தெரியும். ஆகவே வெளிக்கோட்டுக்கு முதல் இடம், நிறத்துக்குக் கடைசி இடம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லெட்டார்ட் ஓடையில் மீன் பிடித்தவர்கள் இதை அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். ஜப்பானிய வண்டு 1916இல் நியூ ஜெர்சியில் முதலில் தென்பட்டு, பிறகு பக்கத்து மாநிலங்களிலும் பரவியது. அதைப் போலச் செய்யக் காப்பிக்கொட்டையைக்கூட முள்ளில் ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் வின்சென்ட் மரினாரோ, வண்டின் தடிமனையே விட்டுவிட்டு, காட்டுக்கோழி இறகின் தட்டையான சிறு துண்டைப் படுக்கையாகக் கட்டினார். கீழிருந்து பார்த்தால் முட்டை வடிவ நிழல். அது போதுமானதாக இருந்தது. அந்த இறகு நம் தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியினுடையது. எங்கோ ஒரு ஓடையில் ட்ரவுட்டை ஏமாற்றியது நம்மூர்க் கோழி என்று நினைக்கையில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எந்த வகை வண்டு ஃப்ளை

ஃபோம் வண்டு எல்லோரும் தொடங்க வேண்டிய இடம். மூழ்காது, பிய்யாது, எண்ணெய் தடவத் தேவையில்லை. அடியில் ஒரு நிம்ஃப், அதாவது நீருக்குள் மூழ்கும் ஃப்ளை, கட்டித் தொங்கவிட்டாலும் தாங்கும். அதன் குறை, தேவைக்கு மேல் மிதப்பது. தடித்த ஃபோமில் செய்தது தக்கை போல நீரின் மேல் நிற்கும். 2 மில்லிமீட்டர் ஃபோமுக்கு மேல் வேண்டாம். 16ஆம் எண்ணுக்கும் அதைவிடச் சின்ன முள்ளுக்கும் அதையும்விட மெல்லியதாகக் கிடைத்தால் நல்லது. வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: ஃபோம் உடம்பு முள்ளின் வாயை அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. தண்டுக்கும் முனைக்கும் நடுவே வெளி குறைந்தால், மீன் கடித்தும் முள் ஏறாது. கடையில் அழகாகக் கொழுத்துத் தெரியும் பல வண்டுகள் இந்தக் காரணத்தாலேயே மீனை விட்டுவிடுகின்றன.

மான் முடி வண்டு நீர்ப்படலத்துக்குள் மெதுவாக அமரும். தெளிந்த, மெதுவான நீரில் சந்தேகப்படும் ப்ரவுன் ட்ரவுட்டுக்கு இதைவிட நல்லதை நான் அறியேன். ஆனால் ட்ரவுட்டின் பல்லில் முடி அறுந்து, சில மீன்களிலேயே கலைந்துவிடும். கலைந்த பிறகும் மீன் எடுக்கும். உடனே தூக்கி எறியாதீர்கள்.

மயிற்பீலி உடம்புள்ள வண்டு பழைய முறை. வேல்ஸ் நாட்டுக் கோக்-இ-பொந்து என்ற ஃப்ளை இந்த வகைதான். அங்கே தோட்டத்து வண்டுக்காகக் கட்டுவது. பீலி இழையின் பச்சை-வெண்கல மினுக்கம் வண்டின் வயிற்றுக்கு அப்படியே பொருந்தும். நனைந்தால் நீர்ப்படலத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ போகும். அது குறையே இல்லை, ஏனென்றால் முழுகிய வண்டையும் ட்ரவுட் விரும்பித் தின்னும். கலங்கல் தெளிந்துகொண்டிருக்கும் நாளில் இதை வேண்டுமென்றே முழுக விட்டுப் பாருங்கள். காவடிக்கு வாங்கிய பீலி வீட்டில் இருந்தால் அதிலிருந்து இழை எடுக்காதீர்கள், அது சாமிக்குரியது. கட்டுவதற்குத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பீலிக் கண்ணுக்குச் சற்றுக் கீழே உள்ள இழைகள்தான் அடர்த்தியானவை.

தென்னாப்பிரிக்கப் பெட்டிகளில் டிடிடி என்ற ஃப்ளையையும் பார்ப்பீர்கள். மருத்துவரும் ஃப்ளை மீன்பிடிப்பு எழுத்தாளருமான டாம் சட்கிளிஃப் உருவாக்கியது. முடியைச் சுழற்றிக் கட்டிக் கத்தரித்தது. எந்தப் பூச்சிக்கும் நேரான நகல் இல்லை என்றாலும், வண்டு விழும் நாட்களில் மீன் அதை வண்டாகவே எடுத்துக்கொள்ளும். வேகமான நீரில் நன்றாக மிதக்கும். அடர்த்தி குறைத்து, அடிப்பக்கத்தைத் தட்டையாகக் கத்தரித்தால் வண்டு வேலைக்கு இன்னும் பொருத்தம்.

டம்ளர் சோதனை

வாங்கிய ஒவ்வொரு மாதிரியையும் வீட்டில் சோதியுங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, ஃப்ளையை மேலே போட்டு, டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி அடியிலிருந்து பாருங்கள்.

வயிறு நீரில் பதிந்து, முட்டை வடிவ நிழலாகத் தெரிகிறதா? கால்கள் நீர்ப்படலத்தில் சின்னக் குழிகளை உண்டாக்குகின்றனவா? முள் நேராகக் கீழே இருக்கிறதா, அல்லது வண்டு பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறதா? சரிந்து கிடந்தால் கால்களைச் சமமாக வெட்டிப் பாருங்கள். உயரமாக மிதந்தால் அடிப் பக்கத்து ஃபோமை பிளேடால் சீவுங்கள். ரப்பர் கால்கள் வைக்கோல் தடிமனில் நீட்டிக்கொண்டிருந்தால் பாதியாகக் குறையுங்கள். கடைச் சரக்கில் பாதிக்குமேல் இப்படி ஒரு வெட்டு கேட்கும். வெட்டத் தயங்காதீர்கள்.

அளவும் நிறமும்

முள் எண் கூடக்கூட முள் சின்னதாகும். 14ஆம் எண் முள்ளில் கட்டிய வண்டு சுமார் 7, 8 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இந்த ஆறுகளுக்கு அதுதான் என் முதல் அளவு. இரண்டாவது 16. ஏப்ரலில் ஆறு வற்றித் தெளியும்போது 18. பெரிய 12 கலங்கல் நீருக்கும் வேகமான ஓட்டத்துக்கும். 10ஆம் எண் மாலை மங்கலில் பெரிய வண்டுகள் பறக்கும் நேரத்துக்கு மட்டும் ஒன்றிரண்டு போதும்.

நிறத்தில் கறுப்பு முதலில். பிறகு செம்பழுப்பு. வயிற்றுக்கு மயிற்பீலி சுற்றியிருந்தால் பச்சை மினுக்கு வேண்டுமென்று தனியாக வாங்க வேண்டாம். சிவப்புப் பொறிவண்டு ஃப்ளை பார்க்க ஆசையாக இருக்கும். காசை மிச்சம் பிடியுங்கள்.

முதுகில் இருக்கும் வண்ணப் பொட்டு உங்களுக்கானது. தாழ்ந்து மிதக்கும் கறுப்பு வண்டு நம் கண்ணுக்கே தெரியாது என்பதால் பொட்டு கட்டாயம் வேண்டும். மர நிழலில் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு தெரியும். நீர் வெள்ளியாய் மின்னும் எதிர்வெயிலில் அந்த நிறங்கள் கரைந்துவிடும். அங்கே முதுகில் குத்தாக நிற்கும் கறுப்புக் குஞ்சம் உதவும். இரண்டு விதமும் வைத்திருங்கள்.

எந்த நீருக்கு எது

கல் கல்லாக உடைந்து ஓடும் வேக நீரில் மீனுக்கு யோசிக்க நேரமில்லை. ஜயன்ட்ஸ் காசில் பக்கத்துப் புஷ்மன்ஸ் ஆற்றின் மேல்பகுதியில் இப்படிப்பட்ட நீர் நிறைய. 12 அல்லது 14 ஃபோம் போதும். ஒவ்வொரு கல்லின் பின்னாலும் ஓரிரு வீச்சு, அப்புறம் நகர்ந்துவிடுங்கள்.

காம்பெர்க் பள்ளத்தாக்கில் மூயி வளைந்து வளைந்து புல்வெளிக்குள் போகும். வளைவின் வெளிப்பக்கம் கரை குடைந்திருக்கும், அதன் மேல் புல் தொங்கும். வண்டுக்கு இதைவிட நல்ல இடம் வேறில்லை. இங்கே 14 அல்லது 16, தாழ்ந்து மிதப்பதாக இருக்கட்டும். புல் ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தாலே வாய்ப்பு குறையும். கரையை உரசி விழ வேண்டும்.

நீண்ட, அசைவற்ற மடுவில் மீன் வந்து நின்று நிதானமாகப் பார்க்கும். அங்கே மான் முடி அல்லது பீலி, 16 அல்லது 18, கால் குறைவாக. மழை பெய்து தேயிலைச் சாயம் போல் நிறம் மாறிய நீரில் கறுப்பு 12 வையுங்கள், அல்லது பீலி வண்டை முழுக விடுங்கள். நீர் சேற்றுக் குழம்பாக ஓடினால் வண்டு எதுவும் உதவாது.

வீசும் விதம்

மென்மையாக இறக்கு, இறகு போல விழட்டும் என்றுதான் ட்ரவுட் மீன்பிடிப்பில் சொல்லித் தருவார்கள். வண்டுக்கு அது பொருந்தாது. கரைப் புல்லிலிருந்து வண்டு "டப்" என்று விழும். அந்தச் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் மீன் திரும்பும். வீச்சின் கடைசியில் கோலைச் சட்டென்று நிறுத்தினால் வண்டு சற்று அழுத்தமாக விழும். ஆனால் விழ வேண்டியது வண்டு மட்டும்தான். கோலிலிருந்து வரும் தடித்த கயிறான லைன் கனமாக விழுந்தால் மீன் ஓடிவிடும்.

இந்தச் சின்ன ஆறுகளுக்கு 3ஆம் எண் லைனுக்கான கோல் நன்றாக இருக்கும். லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர் 9 முதல் 12 அடி. நுனி நரம்பு 14க்கு 5 எக்ஸ், அதாவது 0.15 மில்லிமீட்டர்; எக்ஸ் எண் கூடக்கூட நரம்பு மெல்லியதாகும். 16, 18க்கு 6 எக்ஸ். 12ஆம் எண் ஃபோமுக்கு 4 எக்ஸ் வையுங்கள். மெல்லிய நரம்பில் அது காற்றில் சுழன்று முறுக்கிவிடும்.

மீனுக்குப் பின்னாலிருந்து, நீரோட்டத்துக்கு எதிராக வீசுங்கள். ஃப்ளை நீரின் வேகத்திலேயே வர வேண்டும். நரம்பு இழுத்துக் கோடு போட்டுக்கொண்டு வரும் வண்டை மீன் தொடாது. ப்ரவுன் ட்ரவுட் வண்டை மெதுவாக எடுக்கும். மூக்கு தெரிந்ததும் இழுத்தால் ஃப்ளை வாயிலிருந்து வெளியே வந்துவிடும். வாய் மூடித் தலை கீழே போகும் வரை காத்திருந்து, பிறகு கோலை உயர்த்துங்கள். ஷாட் கடித்ததும் வெட்டி இழுத்துப் பழகிய கைக்கு இதுதான் கடினம்.

மீன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினால்

மேலே வந்து, மூக்கால் முட்டுவது போல் நெருங்கி, திரும்பிப் போன மீன் உங்களுக்குத் தகவல் சொல்லியிருக்கிறது. இடம் சரி, வீச்சு சரி, ஏதோ ஒன்று மட்டும் சரியில்லை. மாற்ற வேண்டிய வரிசை இதுதான். முதலில் நரம்பு இழுத்ததா என்று பாருங்கள்; நின்ற இடத்தை ஓரடி மாற்றினாலே பல சமயம் சரியாகிவிடும். அடுத்து ஃப்ளையை ஓர் அளவு சின்னதாக்குங்கள், 14 போட்டிருந்தால் 16. அப்புறம் மிதக்கும் உயரம்: ஃபோமை எடுத்துவிட்டு மான் முடியோ பீலியோ போடுங்கள். நிறத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே மீனுக்குச் சில நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

சொந்தமாகக் கட்ட விரும்பினால்

குட்டைத் தண்டும் அகன்ற வாயும் உள்ள 14ஆம் எண் முள்ளை எடுத்து, அதன் முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் செதிலைக் குறடால் நசுக்கிவிடுங்கள். தண்டு முழுவதும் கறுப்பு நூலைச் சுற்றுங்கள். 2 மில்லிமீட்டர் கறுப்பு ஃபோமை முள் வாயின் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, முள் வளையத் தொடங்கும் இடத்தில் கட்டுங்கள். பட்டையின் மீதி பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

அதே இடத்தில் மூன்று பீலி இழைகளைக் கட்டி, நூலோடு சேர்த்து முறுக்கி முன்னால் சுற்றிக்கொண்டு வாருங்கள். முறுக்கினால்தான் மீனின் பல்லைத் தாங்கும். முள்ளின் காதுக்கு (நரம்பு கோர்க்கும் துளைக்கு)ப் பின்னால், காதின் அளவைப்போல இரண்டு மடங்கு இடம் விட்டு நிறுத்துங்கள். இப்போது ஃபோமை முன்னால் மடித்துக் கட்ட வேண்டும். இழுத்துப் பிடிக்காதீர்கள்; இழுத்தால் மெலிந்து, உள்ளே இருக்கும் காற்று நசுங்கி, மிதப்பும் போகும் வடிவமும் போகும். கட்டிய இடத்தில் இரு பக்கமும் மெல்லிய ரப்பர் கால்களை வையுங்கள். முன்னால் மிஞ்சும் ஃபோமைத் தலையாகக் குட்டையாக வெட்டுங்கள். மேலே பொட்டு வைத்து, முடிச்சிட்டு, அடியில் ஒரு துளி பசை தடவினால் முடிந்தது.

மான் முடி, பீலி ஃப்ளைகளுக்கு மிதப்பு ஜெல் தடவுவதானால் முதுகில் மட்டும் தடவுங்கள். வயிறும் காலும் நனையட்டும்.

ஆற்றங்கரைக்குப் போகும் முன்

குவாசூலு-நட்டாலில் ட்ரவுட் ஆற்றுக் காலம் செப்டம்பரில் திறக்கிறது. குளிர்காலத்தில் ப்ரவுன் ட்ரவுட் முட்டையிடும் மாதங்களில் மூடியிருக்கும். உரிமத்தில் போட்டிருக்கும் தேதியையும் விதிகளையும் படித்துவிடுங்கள். பெரும்பாலான ஆற்றுப் பகுதிகள் பண்ணை நிலத்துக்குள் இருக்கின்றன. நில உரிமையாளரிடமோ அந்தப் பகுதியை நடத்தும் சங்கத்திடமோ முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நட்டால் ஃப்ளை ஃபிஷர்ஸ் கிளப் போன்ற சங்கத்தில் சேர்ந்தால் தரமான பல பகுதிகள் திறக்கும்.

கோடையில் பிற்பகல் இடி மின்னல் இந்த மலையில் அன்றாட விஷயம். கோல் கிராஃபைட், மின்சாரம் அதில் நன்றாகப் பாயும். முதல் இடி கேட்டதுமே கோலைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குப் போங்கள். மழைக்கு முன் அடிக்கும் காற்றில் வண்டுகள் சரமாரியாக விழும், மீனும் ஆவேசமாக எடுக்கும், கிளம்ப மனம் வராது. இருந்தாலும் கிளம்புங்கள்.

சின்ன வெப்பமானி ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். நீர் 20 டிகிரியைத் தாண்டினால் ட்ரவுட்டுக்கு ஆக்சிஜன் போதாது. பிடித்து விட்டாலும் பிழைக்காமல் போகலாம். அப்படிப்பட்ட நாளில் விடியற்காலையோடு ட்ரவுட்டை நிறுத்திவிட்டு, ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு இறங்குங்கள். அங்கே இந்த மண்ணுக்கே உரிய மஞ்சள்மீன், இங்கே ஸ்கேலி என்று சொல்வது, வெதுவெதுப்பான நீரில் சுகமாக இருக்கும். அதே 12ஆம் எண் கறுப்பு ஃபோம் வண்டை அதுவும் எடுக்கும். 4 எக்ஸ் நரம்பை மட்டும் 3 எக்ஸ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். அதன் இழுப்பு ட்ரவுட்டைவிட முரட்டுத்தனமானது.